எர்மெஸின் முதுகுக்குப் பின்னால் இருந்த கல்

ஒனோரீனா வால்பியேரா கோட்டைக்குள் குடிவந்தபோது அவளுக்கு இருபத்து நான்கு வயது. கோட்டைக்கு அறுநூற்று எழுபத்தாறு. அதற்குள் இரண்டுமே கொஞ்சம் அடிபட்டிருந்தன. பன்னிரண்டு வயதிலிருந்து பட்டு நூல் ஆலையில் கொதிநீர்த் தொட்டிக்குள் கைவிட்டு, கூடுகளிலிருந்து இழை பிரித்தவள் அவள். விரல் நுனிகள் வெந்து வெந்து, ரேகை அழிந்து வழவழவென்று ஆகியிருந்தன. கோட்டையின் வடக்குக் கோபுரத்துக்குத் தலை கிடையாது.

கோட்டைக் காவல்காரன் எர்மெஸைக் கட்டிக்கொண்டதால், வாசல் வளைவுக்கு மேலே இருந்த இரண்டு அறைகள் அவளுக்கு வீடாயின. கோட்டைக்குச் சொந்தக்காரப் பிரபு குடும்பம் வெனிஸில் இருந்தது. ஆகஸ்டில் பத்து நாள் வந்து, கொசு கடிக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். மற்ற நாளெல்லாம் சாவி எர்மெஸிடம்தான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து யாராவது சுற்றிப்பார்க்க வந்தால், வாசலில் நின்று கதை சொல்வான். அவன் கதையில் ராஜாவும் கிடையாது, வீரனும் கிடையாது. வயதான அத்தைக்கு எந்தெந்த வருஷம் என்னென்ன நோய் வந்தது என்று சொல்கிற மாதிரி சொல்வான்.

"ஆயிரத்து இருநூத்து எழுபதுல கட்டினாங்க. நூத்தம்பது வருஷம் கழிச்சு வெனிஸ்காரங்க வந்தாங்க. எங்களைவிட உயரமா எவனும் நிக்கக் கூடாதுன்னு கோபுரத்தோட தலையைச் சீவிட்டாங்க. ஆயிரத்து ஐந்நூத்துப் பதினொண்ணுல பூமி குலுங்கினதுல மேற்குச் சுவர் போச்சு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினேழு சண்டையில ஆஸ்திரியாக்காரன் மாடிப் பலகையை எல்லாம் பிடுங்கி அடுப்பெரிச்சான். நாப்பத்து நாலுல ஜெர்மன்காரனோட வந்த கொசாக்குக் குதிரைப்படைக்காரங்க பெரிய கூடத்துல குதிரை கட்டினாங்க. கடைசிக் கூடை சாணியை அள்ளிப் போட்ட அன்னிக்குத்தான் எனக்குக் கல்யாணம். இத்தனையும் தாங்கின சுவர். இனிமே என் பொண்டாட்டியைத் தாங்கணும்."

மேல் ஜன்னலிலிருந்து குரல் வரும். "உங்க அம்மாவையே தாங்கின சுவருங்க அது. என்னைத் தாங்காதா?"

வந்தவர்கள் சிரிப்பார்கள். முப்பது வருஷமாக அதே கதை, அதே பதில். ஜன்னலில் அவள் இல்லாத நாட்களில் எர்மெஸ் கதையை அந்த இடத்தில் நிறுத்தி, நிமிர்ந்து பார்த்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு முடித்துவிடுவானாம்.

கல்யாணப் படமும் அந்த வாசலில் எடுத்ததுதான். டவுனிலிருந்து பெட்டியும் கறுப்புத் துணியுமாக வந்த படக்காரர், வளைவுக்கு வலதுபக்கச் சுவரை ஒட்டி இருவரையும் நிற்கவைத்தார். படத்தில் ஒனோரீனா நேராக நிற்கிறாள். எர்மெஸ் மட்டும் காற்றில் சாய்ந்த வேலிக்கால் மாதிரி இடப்பக்கம் சாய்ந்திருக்கிறான். மாப்பிள்ளை காலையிலேயே ஊற்றிக்கொண்டார் என்று ஊரெல்லாம் கேலி. அவன் சாய்ந்து நின்றதற்குக் காரணம் வேறு. யாரும் கேட்கவில்லை, இவர்களும் சொல்லவில்லை. படம் மரச்சட்டம் போட்டுக் கட்டிலுக்கு மேலே தொங்கியது.

சில வருடம் கழித்து, பிரபுவின் மனைவி வலதுபக்கச் சுவரில் படர்கொடி வளர்க்கச் சொன்னாள். கொடி ஒரு கல்கூடத் தெரியாமல் சுவரை மூடிவிட்டது. அதற்குள் குடியிருந்த பல்லியும் சிட்டுக்குருவியும் ஒனோரீனாவின் சமையலறைக்குள் வந்துபோயின. பிள்ளை இல்லாத வீட்டுக்கு அந்தக் கூச்சலாவது இருக்கட்டும் என்று எர்மெஸின் தங்கை அர்ஜியா ஒருமுறை சொன்னாள். அதற்காக ஒனோரீனா ஒரு கிறிஸ்துமஸ் முழுக்க அவளோடு பேசவில்லை. அப்புறம் சரியாகிவிட்டது. அர்ஜியா உடினே நகரத்தில் தையல் வேலை பார்த்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் வந்து, களி சாப்பிட்டு, அண்ணியின் தையலில் குறை கண்டுபிடித்துவிட்டு மாலை பஸ்ஸில் போவாள்.

களி என்றால் மக்காச்சோள மாவுக் களி, பொலேந்தா. அடுப்புச் சங்கிலியில் தொங்கும் செப்புச் சட்டியில் முக்கால் மணி நேரம் விடாமல் கிண்டி, மரப்பலகையில் கவிழ்த்து, நூலால் வெட்டுவார்கள். அது இல்லாத சாப்பாட்டை அந்தப் பக்கத்தில் சாப்பாடு என்று சேர்த்துக்கொள்வதில்லை. ஒனோரீனாவின் சட்டி மாமியார் கொடுத்தது. மாமியார் கொடுத்தவற்றிலேயே குறைசொல்ல முடியாதது அது ஒன்றுதான்.

எழுபத்தாறாம் வருடம் மே மாதம், மலைக்குள் படுத்திருக்கும் ராட்சசன் புரண்டு படுத்தான். நிலநடுக்கத்தை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். கோட்டையின் பெரிய கூடம் உட்கார்ந்துவிட்டது. வடக்குக் கோபுரம் மேலிருந்து கீழே பிளந்தது. வாசல் கட்டடம் மட்டும் விரிசலோடு நின்றது. ஊர் முழுக்கப் புல்வெளியில் கூடாரத்துக்கு வந்தது. ராணுவத்துக்காரர்கள் பெரிய அண்டாவில் மக்காரோனி வேகவைத்துப் போட்டார்கள். எர்மெஸ் தினமும் கோட்டைக்குப் போய் விரிசல்களுக்கு மரம் கொடுத்து முட்டு நிறுத்திவிட்டு வருவான். நாள் போகப் போக ஆட்டம் நின்றுவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். செப்டம்பரில் மறுபடி லேசாக நடுங்கியது. முனகல் அடங்க நாளாகும் என்றார்கள்.

செப்டம்பர் பதினைந்து காலை. முட்டெல்லாம் முந்தினநாளே பார்த்துவிட்டு வந்ததால் எர்மெஸ் கூடார வாசலில் உட்கார்ந்து பூட்ஸுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். ஒனோரீனா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"இந்த மக்காரோனியைத் தின்னுத் தின்னு நாக்கு செத்துப்போச்சு," என்றாள்.

"பட்டாளத்துக்காரன் ஆசையா ஆக்கிப் போடறான். உனக்குக் கசக்குதாக்கும்."

"உப்புன்னா என்னன்னே அவனுக்குத் தெரியல. நம்ம சட்டி கோட்டை அடுப்புல சும்மாதானே தொங்குது? போய் எடுத்துட்டு வாங்களேன்."

"இப்பவா?"

"அஞ்சு நிமிஷம். கல்லு கூட்டி வெளியிலயே கிண்டிடறேன்."

அவன் பூட்ஸை மாட்டிக்கொண்டு போனான். போகும்போது, "வெண்ணெய்க்கு எங்க போவ?" என்று கேட்டான். அதற்கு அவள் பதில் சொன்னாளா இல்லையா என்பது எவ்வளவு யோசித்தும் பின்னால் நினைவுக்கு வரவில்லை.

பதினொன்றே காலைத் தாண்டிச் சில நிமிடம். அவள் கையில் அவனுடைய சட்டை. கொடிக்கயிறு தானாக ஆடியது. அப்புறம் தரை. அவள் கோட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மாவு மூட்டை கிழிந்த மாதிரி வாசலிலிருந்து தூசி கொட்டியது. தூசி அடங்கியபோது அந்த இடத்தில் வானம் இருந்தது.

சாயங்காலத்துக்குள் எடுத்துவிட்டார்கள். ஒரு சிப்பாய் அவளிடம் வந்து, "இதைக் கையில பிடிச்சிருந்தாருங்கம்மா," என்று சட்டியைக் கொடுத்தான். ஒரு பக்கம் நன்றாக நசுங்கியிருந்தது. உள்ளே, சமைக்கும்போது அவள் இடுப்பில் கட்டும் துணியில் சுற்றி, கல்யாணப் படம். கண்ணாடி உடைந்து, படத்தில் அவள் பாவாடையின்மேல் ஒரு கீறல். அவள் சட்டியைத்தான் கேட்டிருந்தாள். படத்தைக் கேட்கவில்லை.

அன்று இரவு முழுக்க அவள் அவன் உடலருகே உட்கார்ந்திருந்தாள். மறுநாள் அடக்கம். அதற்குள், அவள் சொல்ல வேண்டியதை ஊரே வேறுவிதமாகச் சொல்லி முடித்துவிட்டது. காவல்காரன் முட்டு பார்க்கப் போனான், கோட்டையோடு போனான். மேயர் கல்லறையில் அதைத்தான் சொன்னார். அர்ஜியா அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, "எங்கண்ணன் மாதிரி யாரு இருக்கா அண்ணி? உயிரையே குடுத்துட்டானே," என்று அழுதாள். ஒனோரீனா அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். சட்டியும் படமும் கூடாரத்தில் படுக்கைக்கு அடியில் இருந்தன. பிறகு பலகை வீடு கிடைத்தபோது, அங்கேயும் படுக்கைக்கு அடியில் போயின.

அதற்கப்புறம் அவள் களி கிண்டவில்லை. தோள் வலி என்றாள். அர்ஜியா ஞாயிற்றுக்கிழமைகளில் சூப்பைப் பார்த்து முகம் சுளிப்பாள். "எங்கண்ணன் இருந்திருந்தா இந்த வீட்டுல இப்படி ஒரு தட்டு வந்திருக்குமா?"

"வந்திருக்காது," என்பாள் ஒனோரீனா.

கோட்டையை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. ஊர்க்காரர்கள் ஒரே பிடியாக நின்றார்கள்: இருந்த இடத்தில், இருந்த மாதிரியே. புது மாதிரிக் கட்டடம் எதுவும் வேண்டாம். விழுந்த கற்களையெல்லாம் புல்வெளிக்குக் கொண்டுவந்து, ஒவ்வொன்றுக்கும் சிவப்புச் சாயத்தில் எண் எழுதி வரிசையாகப் படுக்கவைத்தார்கள். எண்பதாம் வருடத்தில் புல்வெளி முழுக்கக் கல். அடையாளம் தெரியாதவற்றில் எண்ணுக்குப் பதில் ஒரு கேள்விக்குறி. ஒனோரீனாவின் பலகை வீட்டுக்கு எதிரிலேயே அப்படி ஒரு கல் கிடந்தது. பெரிய கல். நடுவில் துருப்பிடித்த இரும்பு வளையம். நாலு வருடமாகத் தினமும் காலையில் ஜன்னலைத் திறந்தால் அதுதான் முதலில் தெரியும். அவள் அந்த ஜன்னலுக்குத் துணி போட்டிருந்தாள்.

அந்தக் கோடையில் பங்குச் சாமியார் பூசை முடிவில் ஓர் அறிவிப்புச் செய்தார். கோட்டை வாசல் தெரிகிற மாதிரி எந்தப் படம் யார் வீட்டில் இருந்தாலும், திரும்பக் கட்டுவதற்காகக் கோட்டையை அளந்து வரையும் சர்வேயர் அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஊர், படங்களைப் போட்டுவைத்திருந்த பிஸ்கட் டப்பாக்களைக் கவிழ்த்தது. முதல் நற்கருணைப் படம், பட்டாளத்துக்குப் போகிறவன் படம், புது மோட்டார் சைக்கிள் படம். எல்லாம் அந்த வாசலில்தான். எல்லாவற்றிலும் வலதுபக்கம் படர்கொடி.

அடுத்த ஞாயிறு சர்வேயர் ஃபுல்வியோ அவள் வீட்டுக்கே வந்தான். முப்பது வயதுகூட இருக்காது. கூடவே கொத்தனார் பியேரி. அவர் எர்மெஸோடு சின்ன வயதில் ஒன்றாகத் திரிந்தவர். அர்ஜியா ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தாள். ஃபுல்வியோ மேசைமேல் ஒரு பெரிய வரைபடத்தை விரித்தான். வாசல் வளைவு, இடது சுவர், ஜன்னல்கள், கல் கல்லாக வரைந்து எண் போட்டிருந்தது. வலதுபக்கம் வெறும் வெள்ளை.

"கொடி வர்றதுக்கு முந்தின படம் ஒண்ணு இருந்தா போதும்மா. உங்க கல்யாணப் படம் அங்கதான் எடுத்தாங்கன்னு பியேரி சொன்னார்."

"அது எங்க தம்பி இருக்கும்?" என்றாள் அர்ஜியா. "கட்டிலுக்கு மேல மாட்டியிருந்துச்சு. அந்த அறையே போச்சே. படம் பிடிச்சவர் கடையும் மே மாசமே விழுந்துடுச்சு."

ஒனோரீனா காபிப் பாத்திரத்தை அடுப்பில் வைத்துக்கொண்டிருந்தாள். "இல்ல தம்பி," என்றாள், திரும்பாமல்.

"கிடைக்கலேன்னா?" என்று கேட்டாள் அர்ஜியா.

பியேரி தோளைக் குலுக்கினார். "கையில கிடைச்ச கல்லை வச்சு மூடிடுவோம். யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும்," என்றான் ஃபுல்வியோ.

"உனக்குத் தெரியும், கல்லுக்குத் தெரியும். ரெண்டு பேரும் வாயைத் திறக்க மாட்டீங்க."

அர்ஜியா கைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தாள். வாசலில் பதிக்க எர்மெஸுக்கு ஒரு பலகைக்கல் வெட்ட ஊராட்சி ஒத்துக்கொண்டிருந்தது. வாசகத்தை எழுதியது அவள். எழுந்து நின்று படித்தாள். "இந்தக் கோட்டையைக் காக்கச் சென்று இவ்விடத்தில் உயிர்நீத்த எர்மெஸ்." இன்னும் பத்து நாளில் பளிங்கில் எழுத்து வெட்டப் போகிறார்கள். "எப்படி இருக்கு அண்ணி?"

காபி பொங்கி அடுப்பில் வழிந்தது. அதைத் துடைக்கிற சாக்கில் ஒனோரீனா பதில் சொல்லாமல் தப்பித்தாள்.

அந்த வாரம் முழுக்க அவள் ஜன்னல் துணியை விலக்கி வைத்தாள். கேள்விக்குறி போட்ட கல்லைப் பார்த்துக்கொண்டே உருளைக்கிழங்கு சீவினாள். காகிதத்தில் இருக்கும்வரை ஒரு வார்த்தையை அடித்துவிடலாம். பளிங்கில் வெட்டிவிட்டால், இனி கடைக்குப் போகும்போதும் வரும்போதும் அதன் கீழேதான் நடக்க வேண்டும். ஆனால் சொன்னால் அர்ஜியாவிடம் என்ன மிஞ்சும்? தையல் மிஷினும் ஓர் அண்ணனின் பெருமையும் தவிர அவளிடம் என்ன இருந்தது?

ஞாயிறு அர்ஜியா வந்து தொப்பியைக் கழற்றுவதற்குள், சட்டி மேசைமேல் இருந்தது.

அர்ஜியா பார்த்தாள். "இது கோட்டை அடுப்புல தொங்கினதாச்சே."

"ஆமா."

"அம்மாவோட சட்டி. இது எப்படி இங்க?"

"உங்கண்ணன் எடுத்துட்டு வந்தார். நான்தான் அனுப்பினேன்."

அர்ஜியா உட்காரவில்லை. "எப்போ?"

"அன்னிக்குத்தான். முட்டு பாக்கப் போகல. களி கிண்டணும், சட்டியை எடுத்துட்டு வாங்கன்னேன். அஞ்சு நிமிஷம்னேன்."

வெளியே யாரோ சைக்கிள் மணியடித்துக்கொண்டு போனார்கள். அர்ஜியா சட்டியின் நசுங்கிய பக்கத்தை விரலால் தொட்டாள்.

"பஸ்ஸுல பக்கத்துல உக்காந்தவங்ககிட்டயெல்லாம் சொல்லியிருக்கேன்," என்றாள். "தைக்க வர்றவங்ககிட்டயெல்லாம். நாலு வருஷம். கல்லறைக்கு முன்னால நின்னு நான் பெருமை அடிச்சப்போ, நீயும் பூவைப் பிடிச்சுக்கிட்டுப் பக்கத்துல நின்ன."

முப்பத்து நாலு வருடத்தில் முதல் தடவையாக அவள் அண்ணியை நீ என்றாள்.

"ஆமா, நின்னேன்."

"ஒரு சட்டிக்காக."

"ஆமா. சட்டிக்காக." ஒனோரீனா படத்தை எடுத்து வைத்தாள். "இதை நான் கேக்கல. இது அவரா எடுத்தது. இதைச் சுவத்துலேர்ந்து கழட்டாம இருந்திருந்தா, ஒருவேளை..."

அர்ஜியா படத்தைப் பார்க்காமலே தொப்பியை மாட்டிக்கொண்டாள். அடுத்த பஸ்ஸுக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. அதுவரை ரோட்டோரம் நின்றுகொண்டிருந்தாள் என்று பிறகு யாரோ சொன்னார்கள்.

மறுநாள் ஒனோரீனா முதலில் ஊராட்சி அலுவலகம் போனாள். குமாஸ்தாவிடம் நடந்ததைச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "இதையெல்லாம் இப்ப எதுக்கும்மா?" என்றார். பேரும் வருஷமும் மட்டும் போதும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். மதியத்துக்குள் ரொட்டிக் கடை வரிசைக்குத் தெரிந்துவிட்டது. அவள் போனதும் பேச்சு நின்றது. களிக்கு ஆசைப்பட்டவள் என்று யாரோ முணுமுணுத்தது காதில் விழுந்தது. அது பொய்யில்லை. அவள் ரொட்டியை வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

அப்புறம் சர்வேயர் அலுவலகம். ஃபுல்வியோ படத்தை ஜன்னலருகே கொண்டுபோனான். "அய்யோ அம்மா! ஒவ்வொரு கல்லும் தெரியுது. இணைப்புச் சுண்ணாம்புகூடத் தெரியுது!" விரலால் வரிசை எண்ணினான். அந்த விரல் அவள் முகத்தைத் தாண்டி, எர்மெஸின் தொப்பியைத் தாண்டிப் போனது.

"அது நான்," என்றாள்.

"ஆமாம்மா, அழகா இருக்கீங்க," என்றான், எண்ணிக்கையை விடாமல்.

பத்து நாளில் படத்தைப் பெரிதாக்கி வரைந்துவிட்டு அவளைக் கூப்பிட்டான். வலதுபக்கச் சுவர் முழுக்க இப்போது கல் கல்லாக எண் இருந்தது. நடுவில் மட்டும் ஒரு வெள்ளை. இரண்டு பேர் வடிவத்தில் வெள்ளை. ஒன்று நேராக, ஒன்று சாய்ந்து. தொப்பியின் விளிம்புகூட அதில் தெரிந்தது.

"உங்க ரெண்டு பேருக்குப் பின்னால இருந்ததுதான் தெரியல," என்றான்.

பியேரி குனிந்து பார்த்தார். "ஒரு எட்டுத் தள்ளி நின்னிருக்கலாம் ரெண்டு பேரும். அதுவும் இவன் நிக்கிறதைப் பாரு. காலையிலேயே ஊத்திக்கிட்டான் கழுதை."

"அவர் ஊத்திக்கல."

"அட, ஊருக்கே தெரியும்."

"ஊருக்கு என்ன தெரியும்? வளையம் குத்துச்சு. மணப்பொண்ணுக்குப் பின்னால கழுதை கட்டற வளையமா, நல்லாவா இருக்கும், மாப்பிள்ளை அதை மறைச்சு நில்லுங்கன்னு படக்காரர் சொன்னார். வலது தோள்பட்டையில குத்திக்கிட்டே இருந்துச்சு. அதான் சாஞ்சார். ராத்திரி பாத்தேன், கன்னிப்போயிருந்துச்சு."

பியேரி பென்சிலைக் கீழே வைத்தார். "வளையக் கல்லு," என்றார். "அதைத் தொழுவத்துக் கல்லுன்னு நெனச்சு, தூக்கி ஓரம் போடச் சொல்லியிருந்தேனே."

"என் ஜன்னலுக்கு எதிர்லதான் கிடக்குது. எங்க இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும். நாலு வருஷமா தெரியும்."

ஃபுல்வியோ அவளுக்கு நாற்காலி போட்டான். அப்போதுதான் அவன் படத்திலிருந்த எர்மெஸின் முகத்தை முதல் தடவையாக உற்றுப் பார்த்தான். தோள் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று அளந்து, வளையத்தின் இடத்தைப் புள்ளி வைத்தான். "உங்களுக்குப் பின்னால என்ன இருந்துச்சும்மா?"

"அது தெரியாது தம்பி. நான் முன்னாடிதானே பாத்துக்கிட்டிருந்தேன்."

அவள் நின்ற இடத்துக்கு மட்டும் புதுக் கல் வைத்தார்கள். பழசோடு கலந்துவிடாமல் இருக்க அரை விரல் உள்ளே தள்ளி.

அர்ஜியா ஒரு வருடத்துக்கு மேல் வரவில்லை. ஒனோரீனா இரண்டு கடிதம் எழுதினாள். பதில் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு தட்டு மட்டும் வைக்கப் பழகிக்கொண்டாள்.

அடுத்த இலையுதிர் காலத்தில் வாசலுக்குக் கூரை ஏறியது. கூரை ஏறிய அன்று வேலைக்காரர்களுக்கு வீட்டுக்காரர் சாப்பாடு போடுவது அங்கே வழக்கம். அரசாங்கக் கட்டடத்துக்கு வீட்டுக்காரர் யார் என்று ஊராட்சியில் பேசிக்கொண்டிருந்தபோது, "களி நான் போடறேன்," என்றாள் ஒனோரீனா. குமாஸ்தா அதைக் குறித்துக்கொண்டார்.

புல்வெளியில் கல் கூட்டி, நசுங்கிய சட்டியை ஏற்றினாள். மாவைத் தூவிக் கிண்டத் தொடங்கினாள். ஒவ்வொரு சுற்றிலும் கோல் நசுங்கிய இடத்தில் இடித்தது. டொக். அடுத்த சுற்றில் மறுபடி டொக். அரை மணி நேரத்தில் தோள் உண்மையாகவே வலித்தது.

பஸ் வந்துபோன சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் கறுப்புக் கோட்டு ஒன்று வந்து நின்றது.

"உங்க கை ஓஞ்சுபோச்சு. தள்ளுங்க அண்ணி," என்றாள் அர்ஜியா.

ஒனோரீனா தள்ளிக்கொண்டாள். அர்ஜியா கோலை வாங்கிக் கிண்டினாள். பலகையில் கவிழ்த்து, நூலால் வெட்டி, இருபத்திரண்டு பேருக்கும் அவளே பரிமாறினாள். தன் தட்டில் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. ஒனோரீனாவும் வைக்கச் சொல்லவில்லை.

ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஒனோரீனா வாசலுக்கு நடந்தாள். பேரும், பிறந்த இறந்த வருடங்களும் மட்டும் வெட்டிய சின்னப் பளிங்கு பதித்திருந்தது. பக்கத்தில் வளையக் கல். சிவப்புச் சாயம் இன்னும் முழுக்க அழியவில்லை. கேள்விக்குறியின் வால் கொஞ்சம் தெரிந்தது. அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அவன் நின்ற இடத்தில் சுவரோடு முதுகை ஒட்டி நின்றாள்.

அவனுக்குத் தோள்பட்டையில் குத்திய வளையம் அவளுக்குக் காதுமட்டத்தில் இருந்தது. அவன் எவ்வளவு உயரம் என்பதை இந்த ஐந்து வருடத்தில் மறந்துபோயிருந்தாள்.